இருசம்மாள் அத்தை ராட்டினம் ஏறினாள்

குரும்பலூரில் எல்லாரையும் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்லுவாள் எங்கள் அத்தை இருசம்மாள். வாசலில் நிழல் தட்டினால் போதும், தலையை நிமிர்த்தாமலே, "என்னடா அமாவாசை, பித்தவெடிப்புக்கு மருந்து போடச் சொன்னேனே, போட்டியா?" என்பாள். வந்தவன் குனிந்து தன் குதிகாலைப் பார்த்துக்கொள்வான். கொலுசுச் சத்தம், கால் விரல் மெட்டி, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, இவைதான் அவளுக்கு ஊர். மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போய்விட்டன. அறுபது வயது தாண்டியும் தரையில்தான் வாழ்ந்தாள். தரையிலிருந்து பார்த்தால் உலகம் முழங்காலோடு முடிந்துவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டாலே அத்தைக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. நான் அவளுடைய தம்பி மகள் கலைமணி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது அத்தையிடமிருந்து வந்ததுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டிலேயே இருந்தாள், ஆனால் ஒரு நாளும் ஒண்டியிருக்கிறவள் மாதிரி இருந்ததில்லை. சின்ன வெங்காயம் அறுவடையானால் மண்டியில் மலை மாதிரி கொட்டிவிடுவார்கள். அதன் தாளையும் வேரையும் அறுக்கிற வேலை உட்கார்ந்து செய்கிற வேலை. அத்தை நடுவில் உட்கார்ந்தால் சுற்றி முப்பது பெண்கள் உட்காருவார்கள். யார் வீட்டுச் சண்டைக்கும் தீர்ப்பு அங்கேதான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அத்தைக்கு வாய் இருந்தது, கல்யாணம் துக்கம் தவிர குரும்பலூரைத் தாண்டத்தான் வழியில்லை.

போவதற்கு எங்கள் அப்பா ஒரு பலகையில் நாலு பேரிங் அடித்துக் கொடுத்திருந்தார். அதில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளிக்கொண்டு தெரு முனை வரைக்கும் வருவாள். ஒரு முறை கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்தது. அதில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அத்தை அதைத் தொடவே இல்லை. கோழி அடைகிற கூண்டாக அது ஏழெட்டு வருஷம் உழைத்தது.

அவளைத் தூக்கக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். எங்கள் அப்பா கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அவளை வண்டியிலிருந்து தூக்கி, கூட்டத்தில் மிதிபடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று, ஆட்டுக்கல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் மறந்துபோனார்கள். கெட்டிமேளம் அவள் காதில் விழுந்தது, தாலி கட்டுவது கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் வேட்டிக்கரைதான். ஒரே தம்பியின் கல்யாணம் அது. பந்தி பரிமாறும்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. அன்றையிலிருந்து யார் தூக்க வந்தாலும் ஒரே பதில். "தூக்குனவன் எங்க வைக்கணும்னு அவன்தானடா முடிவு பண்றான்" என்பாள்.

என் தம்பி விக்கி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே வயதானவர்கள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிற நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, பிரித்து, கார்கோவில் அனுப்பினான். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சிவப்பு வண்டி. சாய்ந்து உட்கார நாற்காலி, கைப்பிடி, ஹாரன், முன்னால் ஒரு விளக்கு. விக்கி வீடியோவில் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் பாகங்களைப் பூட்டினார். அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வண்டி என்றால் சொல்லித்தர வேண்டாம். அத்தை ஒரு முக்காலியில் கையூன்றி, அங்கிருந்து நாற்காலியில் கையூன்றி, தானாகவே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதிகம் நிமிர வேண்டியிருக்கவில்லை.

"ஏண்டி, உனக்குப் புருவத்துக்கு மேல ஒரு மச்சம் இருக்கா?"

"நாப்பது வருஷமா இருக்கு."

"எவளும் சொல்லல பாரு" என்று சலித்துக்கொண்டாள்.

புது வண்டி வந்தால் பூஜை போடாமல் எங்கள் தெருவில் எவனும் சாவியைத் திருகமாட்டான். சைக்கிளாக இருந்தாலும் சரி, லாரியாக இருந்தாலும் சரி. அம்மா சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு வண்டியில் கண்ணுக்குப் பட்ட இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள். கைப்பிடிக்கு, விளக்குக்கு, நாலு சக்கரத்துக்கு. மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். அத்தை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். எல்லா வீட்டிலும் நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். அவளும் எல்லா முகத்தையும் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துப் பார்த்து நின்றாள். எங்கள் தெருவைச் சுற்றி வர அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தவளிடம், "அடுத்து எங்க போவணும் அத்தை? கோயிலுக்கா?" என்று கேட்டேன்.

"அந்த ராட்டினத்துக்கு."

எனக்கு எந்த ராட்டினம் என்று தெரியும். சென்னை போகிற நாலுவழிச் சாலையில் நவலோகம் என்று ஒரு பார்க் புதிதாகத் திறந்திருந்தார்கள். ஒரு துக்கத்துக்குத் தொழுதூர் போய்த் திரும்பும்போது அத்தை குட்டியானையில் இருந்து அதன் ராட்டினத்தைப் பார்த்துவிட்டாள். ரோட்டுக்கு மேலே, புளியமரங்களுக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிகளைக் கோர்த்துக்கொண்டு அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துக்கத்துக்குப் போய் வந்த வீட்டில் அன்று முழுக்க அதே பேச்சு. அதில் ஏற வேண்டும், உச்சியிலிருந்து ஒரு தடவை கீழே பார்க்க வேண்டும். அவள் எங்களிடம் வேறு எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான்தான், விழுந்து தொலைத்தால் என்ன பண்ணுவது என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இப்போது வண்டியும் வந்துவிட்டது, சாக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வரும்போது என்னைச் செருப்பு வாங்கிவரச் சொன்னாள். வாழ்நாளில் செருப்பே போடாதவள்.

"உனக்கெதுக்கு அத்தை செருப்பு?"

"வண்டியில உக்காந்து போறவ வெறுங்காலோடயா போவா? கால்ல செருப்பு இருந்தா, ஏதோ மூட்டுவலிக்காரின்னு நெனைச்சுக்குவாங்க. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

பத்து வயதுப் பிள்ளையின் பாதம் அவளுக்கு. குழந்தைகள் செருப்பில்தான் அளவு கிடைத்தது, அதிலும் பட்டாம்பூச்சி ஒட்டியதுதான் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புடவை மறைத்துக்கொள்ளும் என்றாள். ராத்திரி வண்டியை சார்ஜில் போட்டோம். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் முழுதாக ஏறிவிட்டது என்று விக்கி சொல்லியிருந்தான். இவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டதே, சிங்கப்பூர் சாமான் சிங்கப்பூர் சாமான்தான் என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டோம்.

காலையில் குட்டியானையின் பின்னால் வண்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார் தமிழ்மாறன். முன்னால் என் பக்கத்தில் உட்காரச் சொன்னால் அத்தை கேட்கவில்லை, பின்னால் வண்டியிலேயே உட்கார்ந்து வருவேன் என்றாள். கையால் ஏறினாள், உட்கார்ந்தாள், அரக்குப் பட்டுப்புடவையைக் கால்மேல் விரித்து விட்டாள். பூஜை மாலையை யாரும் கழற்றவில்லை. பெரம்பலூர் நாலு ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கொஞ்சமும் கூச்சப்படாமல் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினாள்.

நவலோகத்தின் வாசலே ஒரு யானை. அதன் நாலு காலுக்கு நடுவில்தான் ஜனங்கள் நுழைகிறார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி அத்தையைப் பார்த்ததும் சல்யூட் அடித்து, "இந்தப் பக்கம் வாங்க மேடம்" என்று தனிக் கதவைத் திறந்தார். அத்தை திரும்பிப் பார்த்தாள், பின்னால் எந்த மேடம் வருகிறாள் என்று. அவளைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும், தலையை ஒரு தினுசாக ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே போனதும் எங்களை மறந்துவிட்டாள். அகலமான சிமெண்டு ரோடு, மேடு பள்ளம் இல்லை, சாணி இல்லை, நாய் இல்லை. ஒருத்தர் தயவும் இல்லாமல் அவள் போனாள். நானும் அவரும் பின்னால் ஓடினோம். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்கிற மாதிரி, ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அத்தையின் புடவைத் தலைப்பு காற்றில் பறந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பறந்தது.

டைனோசர் பொம்மை ஒன்று மூன்று மாடி உயரத்துக்கு நின்று, கழுத்தைத் திருப்பி உறுமியது. பிள்ளைகள் அலறின. அத்தை நேரே அதன் காலடியில் போய் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"இதுங்கதான் அரியலூரு பக்கம் மேஞ்சுதுங்களா?"

"ஆமா, குவாரி தோண்டுனப்ப எலும்பெல்லாம் கெடைச்சுது."

"அடேயப்பா. நம்ம ஊரு தண்ணியக் குடிச்சா இவ்வளவு பெருசு வளரும்னு எவனாச்சும் நம்புவானா?" என்று அதன் கால் நகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அலை அடிக்கிற குளத்தில் அவளை அசைக்கவே முடியவில்லை. சும்மா கிடந்த தண்ணீர், சங்கு ஊதியதும் எழுந்து மடிந்து வந்தது. ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். மறுபடி சங்கு, மறுபடி அலை. எங்கள் பக்கம் கிணற்றில் அடியில் கிடக்கிற தண்ணீருக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே தண்ணீர் கூப்பிட்ட குரலுக்கு வந்தது. "தண்ணியக்கூடப் பழக்கி வச்சிருக்கானே, பாவிப்பய" என்றாள் அத்தை. பாவிப்பய என்பது அவள் வாயில் பெரிய பாராட்டு. எனக்கும் அன்றைக்கு எல்லாமே அதிசயமாகத்தான் இருந்தது, ஆனால் பாதி நேரம் நான் அலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா, "மூட்டு வலியா உங்களுக்கும்?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, படி ஏறுனாத்தான் தொந்தரவு" என்று அசராமல் பதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக ராட்டினம். பக்கத்தில் போனால் அது ரோட்டில் இருந்து பார்த்த ராட்டினமே இல்லை. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு கண்ணாடிப் பெட்டி கீழே வர, அடுத்தது மேலே போக, சத்தமே இல்லாமல் சுற்றியது. அதை ஓட்டுகிறவர் வேணுகோபால் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார், நரைத்த மீசை, கழுத்தில் விசில். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டேன். அவரோ தன்மையாக, "படி ஏற முடியாதவங்களுக்குச் சாய்வுப் பாதை இருக்குங்க. வண்டியோடவே பெட்டிக் கதவு வரைக்கும் வந்துடலாம். உள்ள ஏறி உக்காந்துக்கிட்டீங்கன்னா போதும், அது வரைக்கும் நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். வரிந்துகட்டிக்கொண்டு போன எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாய்வுப் பாதை இரும்புத் தகட்டால் போட்டது. அதை ஒட்டியே கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது, நூறு பேருக்குக் குறையாது. அத்தை கைப்பிடியைத் திருகினாள். வண்டி ஏறியது. பாதி ஏறியதும் கீச்சென்று ஒரு சத்தம், முன்னால் சிவப்பு விளக்கு ரெண்டு தடவை கண்ணடித்தது, நின்றுவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும். தமிழ்மாறன் பின்னால் இருந்து தள்ளிப் பார்த்தார். பேட்டரி போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம், வண்டி இம்மி அசையவில்லை. குனிந்து சார்ஜ் போடுகிற ஓட்டையைப் பார்த்தவர், சாவி நுனியால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக வந்தது.

"உங்கம்மா இங்கயும் பொட்டு வச்சிருக்காங்க."

அந்த ஓட்டை வட்டமாக, பொட்டு வைக்கத் தோதாக இருந்திருக்கிறது. சந்தனத்தின் மேலேயே ஒயரைச் சொருகியிருக்கிறோம். துளி சார்ஜ் ஏறவில்லை. வேலையில்லாமல் சும்மா எரிந்த பச்சை விளக்கைப் பார்த்துத்தான் சிங்கப்பூரை மெச்சியிருக்கிறோம். நான் அங்கேயே போனைப் போட்டு அம்மாவிடம் கத்தினேன். "புது வண்டிக்குப் பொட்டு வைக்காம எப்படிடி எடுக்கறது?" என்று அவள் என்னிடம் திருப்பிக் கத்தினாள்.

வரிசையிலிருந்து இரண்டு பேர் கம்பியைத் தாண்டி வந்தார்கள். நல்ல மனிதர்கள். "அம்மா, நாலு பேரு புடிச்சா ஒரு நிமிஷம், தூக்கிட்டுப்போய் உள்ள உக்கார வச்சிடுறோம்" என்றார்கள்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றாள் அத்தை. சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"வா அத்தை, போயிரலாம். சார்ஜ் போட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாம்" என்றேன்.

அவள் மேலே இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் மேடமாக இருந்தாள். படி ஏறினால்தான் தொந்தரவு என்கிற மூட்டுவலிக்காரியாக இருந்தாள். இந்த வண்டியை விட்டு இறங்கினால், இத்தனை பேர் பார்க்கத் தரையில் கையூன்றிப் போக வேண்டும். மேலே போக வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி. அவள் முகத்தில் அது ஓடியதை நான் பார்த்தேன், பார்க்கப் பொறுக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்க்கும்போது குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஜோடியாக வண்டியின் மிதிபலகையில் வைத்தாள். பட்டாம்பூச்சியை யார் பார்த்தாலும் இனிக் கவலையில்லை என்பது மாதிரி வைத்தாள். புடவையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, தகட்டில் இறங்கினாள்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவை உருவி, விரித்து, வரிசைக்கும் அவளுக்கும் நடுவில் திரை மாதிரி பிடித்துக்கொண்டேன். அவள் ஊன்றி ஊன்றி முன்னால் போக, நானும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்தேன். ரெண்டு தடவை ஊன்றினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கலைமணி, அதை எடு. எனக்குக் காத்து வரல."

எடுத்துவிட்டேன். அவள் போனாள். வெங்காய மண்டியில் நாற்பது வருஷம் உழைத்த கை. உள்ளங்கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஓரடி முன்னால் வைத்து, மறுபடி ஊன்றி. வெயிலில் தகடு சுட்டிருக்க வேண்டும். தமிழ்மாறன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளுக்கு முன்னால் ஊற்றிக்கொண்டே போனார். "போதும் மாப்ள, வழுக்கிவுடப் போவுது" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் அவசரப்படவில்லை. சின்ன வயதிலிருந்து அவள் இப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அடுப்படியில், வாசலில், மண்டியில். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த யானை வாசலும் டைனோசரும் அலைக் குளமும் சேர்ந்தாலும் அதற்கு உறைபோடக் காணாது.

பெட்டிக்குள் நுழைந்து பெஞ்சைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டு, "வாடி, என்ன வேடிக்கை?" என்றாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேணுகோபால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாயில் வைத்த விசிலை ஊதாமலே ஒரு நொடி நின்றார். அப்புறம் ஊதினார்.

தரை கீழே போனது. எனக்கு உயிர் கையில் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணைத் தொறடி, கிறுக்கச்சி" என்றாள். "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் வந்தமா?"

திறந்தேன். உச்சியில் இருந்தோம். நாலுவழிச் சாலை கீழே ஒரு நாடா மாதிரி கிடந்தது. அதில் லாரிகள் போகிற சத்தம் கூட வரவில்லை. மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும் கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் எளம்பலூர் மலை, இன்னொரு பக்கம் பச்சைமலை நீளத்துக்குப் படுத்திருந்தது. நான் நாற்பது வருஷமாக பஸ்ஸில் போய் வந்த ஊர் அது, எனக்கே புதிதாக இருந்தது. அத்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கண் கொட்டவில்லை.

"அந்த மலைக்கு இந்தப் பக்கம் தெரியுதே தென்னந்தோப்பு, அதுதான் நம்ம ஊரா?"

"அப்படித்தான் இருக்கும்."

"இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு மலை?" என்றாள். "தெருமுனைக்கு அந்தாண்ட பெருங்காடு கெடக்குதுன்னு நெனைச்சிருந்தேன் நான். ஒரே வெளியால்ல இருக்கு. எங்கயும் ஒரு சொவரு இல்லியே."

அதைச் சொன்ன குரல் எனக்குத் தெரிந்த அத்தையின் குரலாக இல்லை. சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பயத்தில் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். "அழுவாதடி, எறங்கிருச்சு பாரு" என்று முதுகில் தட்டினாள்.

பெட்டி கீழே வந்து நின்றது. வேணுகோபால் கதவைத் திறந்தார். வரிசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் முதலில் இறங்கி, அத்தை இறங்குவதற்காக ஒதுங்கி நின்றேன். அவள் பெஞ்சை விட்டு அசையவில்லை.

"நான் எறங்கல. இன்னொரு சுத்து."

வேணுகோபால் தலையைச் சொறிந்தார். "மறுபடி போவணும்னா வரிசையில நின்னு வரணும்மா. ரூல்ஸுங்க."

"நிக்க முடிஞ்சா நின்னிருக்க மாட்டேனா?" என்றாள் அத்தை, மண்டியில் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில்.

வரிசையில் முன்னால் நின்ற பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தாள். "வுடுங்க சார், போவட்டும். நாங்க அடுத்ததுல ஏறிக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். வேணுகோபால் என்னைப் பார்த்து, "அப்ப நீங்களும் ஏறுங்க" என்றார். நான் காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ வேணாம்" என்றாள் அத்தை. "பயந்து பயந்து என் கையை நசுக்கிப்புட்ட. பாக்கவே வுடல. நான் மட்டும் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வேணுகோபால் கதவைச் சாத்தினார். விசில் ஊதினார். அத்தை மேலே போனாள். தமிழ்மாறன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் சரிவின் நடுவில் நின்ற சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். பெட்டி சிறுத்துக்கொண்டே போனது. உள்ளே அரக்குப் புடவை ஒரு பொட்டளவுக்குத் தெரிந்தது. உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது, கீழே யாரையோ ஏற்றுவதற்காக. வெயிலில் கண் கூசியது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி அவளுக்கு ஆட்டினேன். மறுபடியும் ஆட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.